வயர், வயர்லெஸ், மூன்றாவது விளக்கக் கடிதம்

அலாரம் பூட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் எந்த வாடிக்கையாளரும் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "வயர் போட்டது நல்லதா, வயர்லெஸ் நல்லதா?"

இருபத்து நான்கு வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, முழங்கால் இரண்டும் ஏணியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதால் போன வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், ஒரே கட்டிடத்தில், ஒரே மாதத்தில், வயர்லெஸ் என்று சொல்லியும் பிழை விட்டேன், வயர் என்று சொல்லியும் பிழை விட்டேன். இரண்டு பக்கமும் விழுந்தவன் இந்த ஹட்டன் டவுனில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது வயர்லெஸ் சாமான்கள் கடைக்குப் புதிதாக வந்திருந்தன. எங்கள் கடை முதலாளியை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கொழும்புக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே, இனி உலகத்தில் வயருக்கு வேலை இல்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒருநாள் படித்தவனுக்கு இருக்கும் தைரியம் நாலு வருடம் படித்தவனுக்கு இருக்காது.

அந்த வாரமே தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியிலிருந்து அழைப்பு. பெயர் வேண்டாம். தூள் மூட்டைகள் அடுக்கும் ஸ்டோருக்கு அலாரம் வேண்டும். அந்தத் தோட்டத்துத் தொரை, அதாவது மேனேஜர், சிங்களவர், நேரான மனிதர், எதையும் எழுத்தில் கேட்பவர். வயரா வயர்லெஸ்ஸா என்று அவர் சிங்களத்தில் கேட்டதும் நான் அரை மணி நேரம் பேசினேன். பக்கத்தில் நின்ற காவல்கார வாச்சர் சிவலிங்கம் ஒன்று மட்டும் கேட்டான்.

"அண்ணே, இங்கிட்டு வருசத்துல பாதி மழையாச்சே. இது நனைஞ்சிடாதா?"

"ரேடியோ அலைக்கு என்னா சிவா நனையிறது? அது என்ன, கொடையா புடிச்சிக்கிட்டு வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஸ்டோர் கதவு கீழ்த்தளத்தில். சைரனோடு கூடிய பெட்டியை மேல்மாடியில், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் அறையில் வைத்தேன். கீழே வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கீழே தேயிலைத்தூள் பறக்கும். மூன்று மாதத்தில் பெட்டி தும்ம ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாடி, முழுக்கக் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகள். ஞாயிற்றுக்கிழமை, ஃபெக்டரி ஓடாத நாளில், எல்லாவற்றையும் பொருத்திச் சோதித்தேன். சிக்னல் ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றன. யந்திரம் எதுவும் சத்தம் போடாத அமைதியில் என் வேலை எனக்கே அழகாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்கு சைரன் கத்தியது. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் நின்ற பெண்கள் ஃபெக்டரியில் தீப்பிடித்துவிட்டது என்று கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தொரை ஜீப்பில் வந்தார். ஸ்டோர் கதவு பூட்டியபடி இருந்தது. ஒரு மூட்டை குறையவில்லை.

எனக்கு மறுநாள் காலையில்தான் போக முடிந்தது. சோதித்தேன். ஐந்து கோடு. புதுச் சாமான், கொழும்புச் சான்றிதழ், ஐந்து கோடு. அப்படியென்றால் பிழை மனிதனிடம்தான் என்று எனக்கும் தோன்றியது, தொரைக்கும் தோன்றியது.

"கதவுல சாஞ்சிருப்பே சிவா," என்றேன்.

"நான் கேட்டுலதாண்ணே நின்னேன்."

"தெரியாம சாஞ்சிருப்பே."

கேட் அங்கே, கதவு இங்கே. தெரியாமல் சாய்வதற்கு அவன் முதுகு நூறு அடி நீளமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் கதவில் சாய்ந்துவிட்டேன் என்று அவன் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அந்தத் தோட்டத்தில் வாச்சர்மாருக்கு ஒரு சட்டம்: மூன்று விளக்கக் கடிதம் சேர்ந்தால் வேலை முடிந்தது.

புதன்கிழமை சத்தம் இல்லை. வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு மறுபடியும். வெள்ளி காலை நான் போனபோது மறுபடியும் ஐந்து கோடு. இந்தத் தடவை கடிதத்தை இங்கிலீஷில் எழுதித் தரும்படி சிவலிங்கம் என்னிடமே கேட்டான். காரணம் என்ன எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தொப்பி விடவில்லை. 'எலி' என்று எழுதினேன். ஒரு பெரிய எலி கதவுச் சென்சர் மேல் ஏறியதை வாச்சர் கண்ணால் கண்டதாக, நல்ல இங்கிலீஷில், வால் நீளம் உட்பட எழுதினேன். சிவலிங்கம் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

போட்டுவிட்டுச் சொன்னான். "இன்னும் ஒண்ணுதாண்ணே இருக்கு. அதுக்கப்புறம் பழையபடி கொழும்புதான். ஏழு வருசம் ஓட்டல்ல கெடந்தேன். தீவாளிக்கு வந்தா சின்னவ என்னைய மாமான்னு கூப்புடுவா. இந்த ரெண்டு வருசமாத்தான் அப்பான்னு வாயில வருது."

பகிடிக்குத்தான் சொன்னான். சிரித்தபடிதான் சொன்னான்.

அன்று பகல் ஃபெக்டரி வாசலில் நின்றபோது அவன் மனைவி பாக்கியம், கொழுந்து பறிப்பவள், மத்தியான நிறுவைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள்.

"அண்ணே, ஒங்க மெசினுக்கு எங்க மேல என்னா பொறாம?"

"ஏன் தங்கச்சி?"

"செவ்வாக்கெழம எனக்கு இருவத்தெட்டு கிலோ. அன்னிக்குக் கத்துச்சு. புதன் வெயிலு, பதினாறுதான். சத்தமே இல்ல. நேத்து மழையோட முப்பது. கத்துச்சு. நாங்க கூடப் பறிச்சா அதுக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். "இன்னிக்கும் நல்ல கொழுந்துதான். காதுல பஞ்சு வச்சிக்கங்க," என்றாள் ஒருத்தி.

நானும் சிரித்துக்கொண்டேதான் மேல்மாடிக்குப் போனேன். அன்று முதல் தடவையாக அங்கே பின்னேரம் நின்றேன். மழையில் நனைந்த கொழுந்து சாக்குச் சாக்காக மேலே வந்து, தொட்டி தொட்டியாக விரிக்கப்பட்டது. முதல் தொட்டி நிறைந்தது. என் கையில் இருந்த கருவியில் ஐந்து கோடு நாலானது. எதிர்த்தொட்டி நிறைந்தது, மூன்று. மேல்மாடி முழுக்கப் பச்சையானபோது ஒரே ஒரு கோடு, அதுவும் போவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஏற்கனவே சுற்றிலும் தகரமும் இரும்பும். அதற்கு மேல் இரண்டு மாடி ஈரக் கொழுந்து. கதவுச் சென்சரின் குரல் மேலே வரவில்லை. குரல் வராவிட்டால் யாரோ சென்சரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். காலையில் நான் வரும்போதெல்லாம் கொழுந்து அரைத்து முடிந்து தொட்டி காலி. ஐந்து கோடு. கத்துவதற்குள் ஓடிப்போய்ப் பெட்டியை நிறுத்தினேன்.

தராசில் நின்ற பெண்ணுக்குத் தெரிந்த கணக்கு எனக்குச் சான்றிதழில் வரவில்லை. ஆகையால் பிள்ளைகளே, எந்த இடத்தையும் அது சும்மா இருக்கும் நாளில் போய்ப் பார்க்காதீர்கள். மூச்சு முட்ட வேலை நடக்கும் நேரத்தில் போங்கள். வழி மறிப்பதாக நாலு பேர் உங்களைத் திட்டுவார்கள். அந்த நேரம்தான் சரியான நேரம்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் நேரே தொரையிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் தொரையிடம் போய், "சேர், ஸ்டோருக்கு வயர் போட்டால் இன்னும் பாதுகாப்பு," என்றேன். பழுதைச் சொல்லாமல் முன்னேற்றம் போலச் சொல்வது இந்தத் தொழிலில் சீக்கிரம் கைக்கு வரும் வித்தை. பழகிக்கொள்ளாதீர்கள். தொரை சந்தோசமாகத் தலையாட்டினார். சிவலிங்கத்தின் இரண்டு கடிதங்களும் ஃபைலிலேயே இருந்தன. இனிக் கத்தாது, கத்தாவிட்டால் மூன்றாவது வராது, வராவிட்டால் இரண்டும் அங்கேயே தூங்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனி, ஞாயிறு வயர் இழுத்தேன். ஸ்டோரிலிருந்து அடுப்பறையின் பின்சுவர் வழியாகப் படிக்கட்டுக்கு. தேயிலையைக் காயவைக்கும் அடுப்பு அந்தப் பக்கம் எரிவதால் சுவர் எப்போதும் இதமான சூட்டில் இருக்கும். அதில் கைக்கெட்டும் உயரத்தில் வரிசையாக ஆணிகள், ஒரு பழைய கயிறு. எனக்கு முன்னால் யாரோ பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி விறகுப் பக்கம் எறிந்துவிட்டு, அதே ஆணிகளை ஒட்டி என் வயரை இழுத்துக் கட்டினேன். நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. போட்டோ எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு சைரன் கத்தியது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு என்னையும் சிவலிங்கத்தையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார் தொரை. நான் எட்டரைக்கே போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். என் நேர்கோடு தொட்டில் மாதிரித் தொங்கியது. கிளிப் எல்லாம் பிய்ந்து, ஒரு முனை கழன்றிருந்தது. ஓர் ஆணியில் ஊதா நிறக் கம்பளி நூல்.

"சிவா, இது என்னா?"

சிவலிங்கம் கூரையைப் பார்த்தான். "நான் வழுக்கிட்டேண்ணே. விழாம இருக்க வயரப் புடிச்சேன். அப்பிடியே எழுதிருங்க."

"ஊதா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா வழுக்கினே?"

கொழுந்து பறிக்க மலைக்கு ஏறாமல் புருசனுக்காகக் காத்து நின்ற பாக்கியம்தான் சொன்னாள். மழைக்காலத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் ஸ்வெட்டர் மூன்று நாளானாலும் காயாது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு காயவே காயாது. அதனால் சாயங்கால நிறுவை முடிந்ததும் எல்லோரும் அந்தச் சூட்டுச் சுவரில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வரும்போது சூடாக எடுத்து உடுத்திக்கொள்வார்கள். பல வருடப் பழக்கம். வாச்சர்மார் கண்டும் காணாமல் இருப்பார்கள். நேற்றுக் கயிற்றைக் காணவில்லை. புதிதாக ஒரு வெள்ளைக் கொடிக்கயிறு இருந்தது.

"யாரோ நல்ல மனுசன் எங்களுக்குப் புதுக் கொடி கட்டிருக்காங்கன்னு நெனச்சோம்ணே," என்றாள். "பதிமூணு பேரு போட்டோம். சைரன் கத்தவும் அள்ளிக்கிட்டு ஓடிட்டோம்."

"அத நீ தொரைக்கிட்ட சொல்லலாமே சிவா?"

"சொன்னா மொத வேலையா அந்தச் செவுத்துப் பக்கம் கேட்டு போட்டுருவாங்கண்ணே. அம்புட்டுப் பொம்பளயாளும் ஈரத்தோட மலைக்கு ஏறணும். எனக்கு ஒருத்தனுக்கு வேல போனா கொழும்பு இருக்கு."

கழன்ற வயர் முனையைச் சுருட்டி வைத்துவிட்டு அவனோடு ஆபீசுக்கு நடந்தேன்.

பத்து மணி. தொரையின் மேசையில் சிவலிங்கத்தின் ஃபைல், இரண்டு கடிதம், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. தொரை தாளை அவன் பக்கம் தள்ளினார். நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என் கை அப்படிச் செய்ததைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன்.

"சேர், இது நான் எழுத வேண்டியது. இதற்கு முந்தின இரண்டும் என் பெயரில்தான் இருந்திருக்க வேண்டும்," என்று சிங்களத்தில் சொன்னேன். கதவில் யாரும் சாயவில்லை. ஈரக் கொழுந்து சிக்னலைக் குடித்துவிட்டது, அதை நான் காலி ஃபெக்டரியில் சோதித்தேன். எலி கிடையாது, காரணம் தெரியாமல் நான் உண்டாக்கிய எலி. மூன்றாவது, ஆட்கள் துணி காயப்போடும் இடத்தில் யாரிடமும் கேட்காமல் அவர்களின் கயிற்றைக் கழற்றிவிட்டு என் வயரைக் கட்டினேன். இவ்வளவையும் என் ஓட்டைச் சிங்களத்தில் எழுதவும் எழுதினேன். எழுத்துப்பிழை நிறைய இருந்திருக்கும். பொய் இல்லை.

தொரை வெகுநேரம் அதை வாசித்தார்.

"எலியே இல்லையா?"

"இல்லை, சேர்."

"நான் பங்களாவிலிருந்து பூனையைக் கொண்டுவந்து ஸ்டோரில் விட்டிருக்கிறேன். நாலு நாளாக என் மனைவி என்னோடு பேசவில்லை."

அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டோம். பிறகு சொன்னார்: இன்றைக்கும் மழை, நல்ல கொழுந்து. சாயங்கால நிறுவைக்குள் சரிசெய்ய வேண்டும். கத்தக்கூடாத நேரத்தில் கத்தினால் நான் சாமான்களைக் கழற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போய்விடலாம், ஃபைல் இப்படியே இருக்கும். கத்தாவிட்டால் இந்த இரண்டு கடிதங்களையும் சிவலிங்கத்திடமே திருப்பிக் கொடுப்பார். துணி காயப்போடுவதைப் பற்றி, "அது எனக்குத் தெரியும்," என்றார். "அந்தச் சுவர்ப் பக்கம் நான் போவதில்லை. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும், வயரைக் குழாய்க்குள் விட்டு உத்தரத்தோடு உயரமாகக் கொண்டுபோகலாம் என்றேன். பாக்கியம் தலையை ஆட்டினாள்.

"ஒசத்திக் கட்டினாலும் கொக்கி போட்டுத் தொங்க விடுவோம்ணே. ஈரத் துணிய வச்சிக்கிட்டு நிக்கிற பொம்பளைக்கு எட்டாத எடம் கெடையாது. எங்களுக்கு ஒரு கொடி குடுத்துருங்க. ஒங்க வயர ஏறெடுத்தும் பாக்க மாட்டோம்."

நானாவுக்குப் போன் போட்டேன். துருப்பிடிக்காத தடித்த கல்வனைஸ் கம்பி வேண்டும், முறுக்கி இறுக்கும் கொக்கிகள் வேண்டும், பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள் என்றேன்.

"என்ன தம்பி, தொப்பியோட வந்து வயரே வேணாண்டு சொன்ன. சனிக்கெழம வயர் வேணுமெண்ட. இப்ப கொடிக் கம்பியா? போர்ட எறக்கிட்டு லாண்டரி எண்டு எழுதவா?"

"எழுதுங்க நானா. அதுலயாவது உருப்படுவேன்."

சிரித்தார். ஆனால் பதினொன்றரை பஸ்ஸில் சாமான் வந்தது, நான் கேட்டதற்கு இரண்டு மடங்கு. அலாரம் வயர் குழாய்க்குள் மேலே போனது. கீழே, சூட்டுச் சுவரை ஒட்டி, மூன்று வரிசைக் கொடிக்கம்பி. அதைக் கட்டும்போது சிவலிங்கம் முழுப்பாரத்தோடு தொங்கிப் பார்த்தான், நானும் தொங்கிப் பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகச் சோதித்த வேலை வேறு கிடையாது.

உங்களுக்கு என் பதில் இதுதான். அந்தத் தோட்டத்தில் கடைசியில் இரண்டும் போட்டோம். ஃபெக்டரிக்குள் வயர். முற்றம் தாண்டி இருந்த மருந்துக் காம்பராவுக்கு வயர்லெஸ், ஏனென்றால் வெட்டவெளியில் நீளமாக வயர் இழுத்தால் மின்னல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆனால் அதை என்னிடம் கேட்டுச் செய்யாதீர்கள். நிறுவைக்கு வரும் ஆளிடம், கூட்டும் ஆளிடம், வாச்சரிடம் கேளுங்கள். அலாரம் பிழையாகக் கத்தினால் யார் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதையும் கேளுங்கள். அது நீங்களாக இருக்காது.

நாலு மணிக்கு மழை வலுத்தது. லொறி வந்தது. கொழுந்து மேலே போனது. தொட்டிகள் நிறைந்தன. சிவலிங்கம் ஸ்டோரைப் பூட்டி அலாரத்தைப் போட்டான். நாலரைக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். பதிமூன்று பேர் என்றாள் பாக்கியம், முப்பதுக்குக் குறையாமல் வந்தார்கள். செய்தி மலை முழுக்கப் போயிருந்தது. ஸ்வெட்டர், படங்கு, தலைத்துணி எல்லாம் மூன்று கொடியிலும் ஏறின. முதல் தடவையாகத் தொரையும் அந்தச் சுவர்ப் பக்கம் வந்து குடையோடு நின்றார். எல்லோரும் மேல்மாடியையே பார்த்தோம். நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. ஈரத் துணிகளிலிருந்து ஆவி எழும்பியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

தொரைக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "இது கத்தாமல் இருப்பது சரி. கத்த வேண்டிய நேரத்தில் கத்துமா?" சிவலிங்கத்தைக் கூப்பிட்டு ஸ்டோர் கதவைத் திறக்கச் சொன்னார். அவன் சாவியைப் போட்டுத் திறந்தான்.

சைரன் மலை அதிரக் கத்தியது. பூனை அவன் கால்களுக்கு நடுவே பாய்ந்து, தொரையைத் தாண்டி, மழையையும் பார்க்காமல் பங்களா பக்கம் ஓடியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பெட்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தபோது தொரை சட்டைப் பையிலிருந்து மடித்த இரண்டு தாள்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தன் கரடுமுரடான தமிழில் கேட்டார்.

"சிவலிங்கம், என்ன விளக்கம்?"

"கதவத் தொறந்தது நான்தாங்க, சேர்," என்றான் சிவலிங்கம். அந்த அலாரத்துக்கு அவன் கொடுத்த முதல் உண்மையான விளக்கம் அதுதான்.

தொரை இரண்டு கடிதங்களையும் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிய கையோடு பாக்கியத்திடம் கொடுத்தான். அவள் அடுப்பறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, எலியையும் வாலையும் சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டு, திரும்பி வந்து தன் ஊதா ஸ்வெட்டரின் அடுத்த பக்கத்தைச் சுவருக்குக் காட்டித் திருப்பிப் போட்டாள்.